ரெவிட் என்ற கட்டட மாடலிங் மென்பொருளில் மறையும் குழாய்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: தரைத்தளத்தின் அடியில் போகும் கழிவுநீர்க் குழாய் 3டி வியூவில் தெரிகிறது. பிளானில் (மேலிருந்து பார்க்கும் தளப்படத்தில்) காணவே காணோம். கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: 3டியில் தெரிகிறதென்றால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு அந்த பிளான் வியூவின் அமைப்பில். பிராப்பர்ட்டீஸில் வியூ ரேஞ்சைத் திறந்து பாருங்கள்; பிளான் எந்த உயரத்திலிருந்து எந்த ஆழம் வரை காட்டும் என்பதை முடிவு செய்வது அதுதான். பாட்டம் (வழக்கமான காட்சியின் அடி எல்லை), வியூ டெப்த் (அதற்கும் கீழே காட்டும் எல்லை) இரண்டும் 0 என்று இருந்தால், தரைமட்டத்துக்கு 450 மி.மீ. கீழே ஓடும் குழாய் பிளானில் வராது. இரண்டையும் -1200 மி.மீ. ஆக்குங்கள். வியூ டெப்த்தை மட்டும் இறக்கினால் குழாய் வரும், ஆனால் அடி எல்லைக்கு அப்பால் இருப்பவற்றுக்கான ‘பியாண்ட்’ கோட்டு வகையில் வரும். அது நீங்கள் எதிர்பார்த்த கோடாக இருக்காது.

இதன் பிறகும் தளப் பலகை குழாயை மூடிக்கொண்டிருந்தால் வியூவின் டிசிப்ளினை (எந்தத் துறைக்கான வியூ என்ற அமைப்பை) பாருங்கள். ‘பிளம்பிங்’ என்று வைத்தால் சுவரும் தளமும் மங்கி, குழாய் மேலே வரும். ‘கோஆர்டினேஷன்’ என்றால் அந்த முன்னுரிமை கிடைக்காது. இந்த அமைப்புகளின் பெட்டி சாம்பல் நிறத்தில் மாற்ற முடியாமல் கிடந்தால், வியூ டெம்ப்ளேட் (பல வியூக்களுக்குப் பொதுவான அமைப்புத் தொகுப்பு) பூட்டி வைத்திருக்கிறது என்று அர்த்தம். மாற்றத்தை டெம்ப்ளேட்டில் செய்யுங்கள். ஒரே டெம்ப்ளேட்டைப் பல வியூக்கள் பயன்படுத்தினால் எல்லாமே மாறிவிடும், முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்வது உத்தமம்.

அப்போதும் வரவில்லையா? மறைத்தவற்றைக் காட்ட விசைப்பலகையில் ஆர், எச் (RH) என்று அடியுங்கள். யாராவது மறைத்து வைத்திருந்தால் தனி நிறத்தில் தெரியும். தேர்ந்தெடுத்து ‘அன்ஹைட் இன் வியூ’ கொடுங்கள். வி, ஜி (VG) அடித்து, எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் பெட்டியைத் திறந்து ஃபில்டர்ஸ் தாவலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அங்கே ஒரு டிக் விடுபட்டிருந்தால் மொத்த சிஸ்டமும் மறைந்துபோகும்.

கேள்வி: 150 மி.மீ. குழாய்கூட ஒற்றைக் கோடாக வருகிறதே?

பதில்: வியூவின் டீட்டெயில் லெவலை (எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது என்ற அளவை) ‘ஃபைன்’ ஆக்குங்கள். டக்ட் (காற்றுக் குழாய்) ‘மீடியம்’ நிலையிலேயே இரட்டைக் கோடாகிவிடும், குழாய் ஆகாது. பலர் குழம்புவது இங்கேதான்.

கேள்வி: வியூவைச் சுழற்றும்போது வால்வுகள் நடுங்குகின்றன, கோடுகள் உடைகின்றன. கிராஃபிக்ஸ் கார்டை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: காசு செலவழிக்கும் முன் இரண்டு சோதனைகள். ஆப்ஷன்ஸில் ‘ஹார்ட்வேர் ஆக்சலரேஷன்’ டிக்கை எடுத்துவிட்டு ரெவிட்டை மூடித் திறங்கள். நடுக்கம் நின்றால் டிரைவரைப் புதுப்பியுங்கள். இரண்டு கிராஃபிக்ஸ் கொண்ட லேப்டாப் என்றால் விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பில் ரெவிட்டுக்கு உயர்திறன் கார்டை ஒதுக்குங்கள்.

நிற்கவில்லையென்றால் சந்தேகம் ஆயத்தொலைவின் மேல். உள் மூலப்புள்ளியிலிருந்து (ரெவிட் எல்லாவற்றையும் அளக்கத் தொடங்கும் இடத்திலிருந்து) சுமார் 16 கி.மீ.க்கு அப்பால் போன வடிவங்களைத் துல்லியமாக வரைய ரெவிட்டால் முடியாது. சென்னையில் யுடிஎம் (உலக வரைபட ஆயத்தொலைவு) முறையில் எடுத்த சர்வேயின் நார்திங் (வடக்கு நோக்கிய தூரம்) 14 லட்சம் மீட்டருக்கு மேல்! அதே எண்களில் மாடலை வரைந்தால் நடுங்காமல் என்ன செய்யும்? சர்வே வரைபடத்தில் எங்கோ தூரத்தில் தெறித்துக் கிடக்கும் ஒற்றைக் கோடும் இதே வேலையைச் செய்யும். ஆட்டோகேடில் தேவையான பகுதியை மட்டும் டபிள்யூபிளாக் செய்து (தனிக் கோப்பாக்கி), பர்ஜ் கொடுத்து (பயன்படாதவற்றை நீக்கி) ரெவிட்டில் லிங்க் செய்யுங்கள். கட்டடத்தை மூலப்புள்ளிக்கு அருகிலேயே வைத்து, சர்வே எண்களை ‘ஸ்பெசிஃபை கோஆர்டினேட்ஸ் அட் பாயிண்ட்’ வழியாகக் கொடுங்கள்.