முதலில் நடுத்துளையைப் பாருங்கள்

ஜப்பானிய வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கும் காப்புத் தட்டுக்கு ட்சுபா என்று பெயர். மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: இணையத்தில் 480 ரிங்கிட்டுக்கு ஓர் இரும்பு ட்சுபா வாங்கினேன். நாரைகள் பறப்பது போலத் துளை வேலைப்பாடு. எடோ காலத்துப் (1603–1868) பொருள் என்கிறார் விற்றவர். வார்ப்பா, அடித்துச் செய்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி)

பதில்: நாரைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். போலி செய்பவர் முழுக் கவனத்தையும் முகப்பில்தான் வைப்பார். வாளில் பூட்டியபின் வெளியே தெரியாத இடங்களில்தான் அவர் பிடிபடுவார். நகை ஆசாரி கண்ணில் வைத்துப் பார்க்கிற 10 மடங்குக் கண்ணாடி ஒன்றும் சிறிய டார்ச் விளக்கும் போதும்.

வாளின் அடிக்காம்பு நுழைகிற நடுத்துளையிலிருந்து தொடங்குங்கள். அது ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் கூம்பிய ஆப்பு வடிவில் இருக்க வேண்டும். அலகின் முதுகுப் பக்கம் அகலம், வெட்டுப் பக்கம் குறுகல். செவ்வகமாகவோ இரண்டு முனையும் ஒரே அகலமாகவோ இருந்தால் அது வாளுக்காகச் செய்த பொருள் அல்ல. ஒரு ட்சுபா பல வாள்களுக்கு மாறி மாறிப் போகும். ஒவ்வொரு முறையும் துளையை இறுக்க, அதன் ஓரத்தில் உளியால் குத்திப் பிதுக்குவார்கள். அல்லது துளையின் மேலும் கீழும் செக்கிகானே என்னும் செம்புத் துண்டுகளைச் செருகுவார்கள். செம்புக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு கோடு, ஒரு நிற வேறுபாடு தெரிய வேண்டும். வார்ப்புப் போலியில் அந்தத் துண்டும் தட்டோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். மேலே செம்பு நிறம் பூசியிருப்பார்கள். உளிக்குத்துகளும் கூர்மை இல்லாமல் மழுங்கிக் கிடக்கும். ஆனால் செம்பும் குத்தும் இல்லை என்பதற்காக மட்டும் ஒரு பொருளை ஒதுக்காதீர்கள். வாளில் ஒருமுறையும் ஏறாத பழைய ட்சுபாக்களும் உண்டு.

அடுத்து, நாரைகளுக்கு இடையே வெட்டிய இடைவெளிகளின் உட்சுவர்கள். அடித்த தகட்டில் ரம்பத்தால் அறுத்து அரத்தால் ராவியிருந்தால், சுவரில் கோடுகள் ஓடும், மூலைகள் கூராக நிற்கும். வார்ப்பில் சுவர் மணல் ஒட்டியதுபோலச் சொரசொரப்பாக இருக்கும். சுவரின் பாதி உயரத்தில் சுற்றிலும் ஒரு மெல்லிய மேடு ஓடினால், அது அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகச் சுவர் சற்றுச் சரிந்தும் இருக்கும். குண்டூசித் தலை அளவில் உருண்டைக் குழிகள் தென்பட்டால் அவை காற்றுக் குமிழிகள்.

விளிம்பில் ஒரு குழப்பம் வரும். பழைய இரும்பு ட்சுபாவின் விளிம்பில் வழவழப்பான சிறு புடைப்புகள் இருக்கலாம். அடித்து மடித்த இரும்பில் கடினமான பகுதிகள் தேயாமல் நின்றதால் வந்தவை அவை. தெக்கோட்சு, அதாவது இரும்பின் எலும்பு என்பார்கள். சேகரிப்பாளர் தேடிப் பார்த்து மகிழ்கிற அடையாளம் அது. எலும்பு மேலே நிற்கும். குமிழி உள்ளே குழியும். விரலால் தடவினாலே தெரிந்துவிடும்.

நூலில் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டினால், அடித்த இரும்பு நீண்டு ஒலிக்கும். வார்ப்பு சட்டென்று அடங்கும். நிறையத் துளையிட்ட ட்சுபாவில் இந்த ஒலி ஏமாற்றக்கூடும் என்பதால் இதை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். விற்பனைப் படங்களில் இதே நாரை ட்சுபா வேறெங்காவது இருக்கிறதா என்றும் தேடுங்கள். ஒரே வடிவத்தைப் பலர் கையால் வெட்டியிருக்கலாம். ஆனால் ஒரே குழி ஒரே இடத்தில் இரண்டு தட்டிலும் இருந்தால் இரண்டும் ஒரே அச்சின் பிள்ளைகள்.

கேள்வி: காந்தம் ஒட்டினால் அசலா? (மாணவர்)

பதில்: இல்லை. வார்ப்பிரும்பிலும் காந்தம் ஒட்டும். அசலான செம்பு, பித்தளை, ஷாகுடோ என்னும் செம்புக் கலவை ஆகியவற்றில் செய்த ட்சுபாக்களில் ஒட்டாது. இரும்பு என்று சொல்லி விற்ற தட்டில் காந்தம் ஒட்டாவிட்டால், அப்போது அது உதவும்.

கேள்வி: எங்கள் பாட்டன் லயத்து வீட்டில் விட்டுச்சென்ற பித்தளைத் தட்டு ஒன்று இருக்கிறது. நான்கு மடல், மடல்களில் பூ. ஜப்பான்காரன் காலத்தில் கிடைத்ததாம். சாமுராய் வாளுடையதா? (இல்லத்தரசி)

பதில்: அந்தப் பூ ஐந்து இதழுள்ள செர்ரிப் பூவாக இருந்தால், அது பெரும்பாலும் ஜப்பானியத் தரைப்படை அதிகாரியின் வாளுக்குரியது. 1934-லும் 1938-லும் கொண்டுவரப்பட்ட படைவாள் வகைகளில் இப்படிப்பட்ட தட்டுகளைப் பூட்டினார்கள். நடுத்துளைக்குப் பக்கத்தில் நீள்வட்டமாக ஒரு சிறு துளை இருக்கிறதா பாருங்கள். உறையில் வாளைப் பூட்டிவைக்கும் கொக்கி அதன் வழியே போகும். நடுத்துளையைச் சுற்றியுள்ள தட்டையான பகுதியில் பொறித்த எண் இருக்கலாம். அதே எண் அதோடு வந்த மெல்லிய வளையத் தகடுகளிலும் இருந்தால், எல்லாம் ஒரே வாளிலிருந்து வந்தவை. ஆகவே அந்தத் தகடுகளும் வீட்டில் கிடந்தால் பிரித்துப் போடாதீர்கள்.

சாமுராய் காலத்துக்கு இது பிந்தியதுதான். பொதுமக்கள் வாள் அணிவதை ஜப்பானின் மெய்ஜி அரசு 1876-ல் தடை செய்தது. இருந்தாலும் 1941 டிசம்பரிலிருந்து 1945 வரை இந்த மண்ணில் நடந்ததற்கு உங்கள் கையில் உள்ள சாட்சி அது. பாட்டன் எங்கே, எப்படி எடுத்தார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை இப்போதே எழுதித் தட்டோடு வையுங்கள். குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்க்க மட்டும் வேண்டாம். பழைய நிறம் போனால் திரும்பி வராது.

கேள்வி: சிவப்புத் துரு பிடித்த இரும்பு ட்சுபா ஒன்று கிடைத்தது. ரப்பர் பால் உறைய வைக்கிற அமிலத்தில் ஊறவைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார் நண்பர். செய்யலாமா? (பால்மரத் தொழிலாளி)

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். பார்மிக் அமிலம் சிவப்புத் துருவோடு கரும்பழுப்புப் படலத்தையும் தின்றுவிடும். அந்தப் படலம்தான் இரும்பைக் காக்கிறது, ட்சுபாவின் மதிப்பில் பாதியும் அதுதான். அமிலத்திலிருந்து எடுத்த இரும்பு வெள்ளைச் சாம்பல் நிறத்தில் நிற்கும். நம் ஊர் ஈரத்தில் மறுநாளே மஞ்சள் பூக்கும். உப்புத்தாள், கம்பித் தூரிகை, எலுமிச்சை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

தையல் இயந்திர எண்ணெயைத் துரு மேல் மட்டும் தொட்டுவைத்து 2, 3 நாள் விடுங்கள். பிறகு மான் கொம்புத் துண்டையோ, வேகவைத்துக் கொழுப்பு நீக்கிக் காயவைத்த ஆட்டு எலும்பையோ உளிபோலச் சீவி, துருவை மெல்லச் சுரண்டுங்கள். எலும்பு இரும்பைவிட மென்மையானது. இரும்பில் கீறல் விழாமல் துரு மட்டும் பெயரும். எலும்பு முனை மழுங்க மழுங்கச் சீவிக்கொள்ள வேண்டும். பழைய பருத்தித் துணியால் துடைத்து, மறுபடி எண்ணெய். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும், ஆனால் மாதக்கணக்கில் செய்ய வேண்டியிருக்கும். தங்கம், வெள்ளி பதித்த இடத்தை எலும்பாலும் தொடாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது கெட்டுப் புளித்து இரும்பை அரிக்கும். சேமிக்கும்போது எண்ணெயைத் தடவி, தடவியது தெரியாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். துணியில் சுற்றி, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வைக்கலாம். ஜெல்லின் நிறம் மாறினால் 120 டிகிரி சூட்டில் 2 மணி நேரம் உலர்த்தினால் மீண்டும் உதவும்.

ஷாகுடோ என்பது செம்பில் சிறிதளவு தங்கம் கலந்த உலோகம். அதன் நீலக்கருமை ஊறல் முறையில் வரவழைத்த மெல்லிய தோல். அதற்கு எண்ணெயும் வேண்டாம், எலும்பும் வேண்டாம். வெறும் விரல் படாமல் விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் போதும்.

கேள்வி: சோட்டென் என்று பெயர் வெட்டிய ட்சுபா விலைக்கு வருகிறது. பெயர் இருந்தால் அசல்தானே? (பட்டணத்துக் கடைக்காரர்)

பதில்: பெயர்தான் மிக எளிதாக ஏமாற்றும். ஹிகோனே ஊரின் சோட்டென், கதைமாந்தர்களைத் துளை வேலையில் செதுக்கித் தங்கம் பதிக்கும் பாணிக்குப் பேர்போனவர். அந்தப் பாணி விற்றதால் எடோ காலத்திலேயே பலர் அவர் பெயரை வெட்டினார்கள். நோபுஇயே, கானேஇயே என்ற புகழ்பெற்ற ட்சுபாக் கைவினைஞர்களின் பெயர்களுக்கும் அதே கதி. ஆகவே பெயர் பொய்யாக இருந்தும் ட்சுபா 200 ஆண்டுப் பழமையானதாக இருக்க முடியும். அதைப் பெயரில்லாத பொருளின் விலைக்கு வாங்கலாம், நல்ல வேலை என்றால் மகிழ்ச்சியோடு வாங்கலாம். பெயரோடு சேர்த்து வார்த்த இன்றைய போலிக்கு எந்த விலையும் அதிகம்தான்.

இரண்டையும் பிரித்தறிய எழுத்தின் பள்ளத்தைக் கண்ணாடியில் பாருங்கள். உளியால் வெட்டிய கோடு சிறுசிறு ஆப்புகள் வரிசையாக நிற்பதுபோல இருக்கும். ஒதுங்கிய உலோகம் ஓரத்தில் லேசாகப் பிதுங்கியிருக்கும். வார்த்த எழுத்து அடியில் உருண்டு, சோப்புக் கட்டியில் அழுத்தியதுபோலத் தெரியும். தங்கத்தையும் பாருங்கள். இரும்பில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி அதன்மேல் தகடு அடித்திருந்தால், தேய்ந்த இடத்தில் அந்தக் கீறல் வலை வெளியே வரும். வண்ணம் பூசியிருந்தால் பள்ளங்களில் அது தேங்கி நிற்கும்.

கேள்வி: சான்றிதழ் உள்ளதை மட்டும் வாங்கினால் கவலை இல்லையா? (ஆசிரியை)

பதில்: கவலை குறையும். 1948-ல் அமைந்த ஜப்பானிய கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் தாள்களைத்தான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். ஹோசோன், அதற்கு மேல் தொக்குபெட்சு ஹோசோன், அதற்கும் மேல் ஜூயோ என்று படிகள் உண்டு. அந்தச் சங்கத்தின் பழைய பச்சைத் தாள்களை ஜப்பானிய வணிகர்களே முழுதாக நம்புவதில்லை. ஆகவே அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். அசல் தாளை வேறொரு ட்சுபாவோடு சேர்த்து விற்பதும் நடக்கிறது. தாளில் ஒட்டியுள்ள படத்தோடு கையில் உள்ள தட்டை வைத்துப் பாருங்கள். வேலைப்பாடு ஒத்துப்போவது போதாது. நடுத்துளையைச் சுற்றியுள்ள உளிக்குத்துகள் எண்ணிக்கையிலும் இடத்திலும் ஒத்துப்போக வேண்டும்.