குடியாத்தம் அம்மாவுக்கு: நீட் கோச்சிங்கா, தோல் தொழில்நுட்பமா?

பாப்பாவின் மேல்படிப்பு பற்றிக் கேட்க நீங்கள் மூவரும் என்னிடம் வந்த அன்றைக்கு நேரம் போதவில்லை, அதனால் எழுதுகிறேன் அம்மா. நீட் கோச்சிங்குக்கு அனுப்ப வேண்டும் என்பது அவள் அப்பாவின் எண்ணம். உங்கள் வீட்டுக்காரரும் படிக்கட்டும்.

பாப்பாவிடம் எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டேன். "பயாலஜி" என்றார் அவள் அப்பா. எத்தனை மணிக்கு எழுந்து படிப்பாய் என்றேன். அதற்கும் அவரே பதில் சொன்னார். நீங்களோ, "அவ இஷ்டம் சார், எதுவானாலும் சரி" என்றீர்கள். அவர் ஃபோன் பேச வெளியே போன பிறகுதான் "கெமிஸ்ட்ரி சார்" என்று அவள் வாய் திறந்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் அவள் அத்தை வேலை பார்ப்பதையும், தோல் தொழில்நுட்பம் படிக்க ஆசை என்பதையும் சொன்னாள்.

2008-இல் வந்த 'அபியும் நானும்' பார்த்திருப்பீர்கள். மகள் எம்பிஏ படிக்க டெல்லி போகிறேன் என்றதும் அப்பா பிரகாஷ்ராஜ் துடித்துப்போவார், அம்மா ஐஸ்வர்யா நிதானமாக இருப்பார். எனக்கு அந்த அம்மாதான் முக்கியம். அவருடைய நிதானம் எப்படியோ போகட்டும் என்று விடுவது இல்லை. மகளையும் நம்புகிறார், கணவரிடமும் பேசுகிறார். உங்கள் வீட்டில் அப்பா எல்லாவற்றையும் முடிவு செய்கிறார், நீங்கள் எதிலும் தலையிடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் பாப்பா தனியாக நிற்கிறாள்.

தறியில் பட்ட கஷ்டம் மகளுக்கு வேண்டாம் என்று அவர் நினைப்பது நியாயம். நீட் வராவிட்டால் ஒரு வருஷம் கோச்சிங் போவதிலும் தப்பில்லை, அதை அவளே கேட்டால். அவள் கேட்கவில்லையே!

அவள் ஆசைப்படுவது சின்னப் படிப்பும் இல்லை. சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி (ஏ.சி. டெக்) வளாகத்தில் பி.டெக். தோல் தொழில்நுட்பம் இருக்கிறது. அடையாறில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே. தோல் என்றதும் உங்கள் வீட்டுக்காரர் முகம் சுளித்தார். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்ட கதையெல்லாம் நமக்குத் தெரியும். 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு அது. அதனால்தான் கழிவுநீர் சுத்திகரிப்பிலும் பரிசோதனைக் கூடத்திலும் வேதியியல் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். ஏற்றுமதி ஆர்டர் குறைந்தால் இந்தத் தொழில் ஆட்டம் காணும், அதையும் மறைக்க மாட்டேன். கெமிக்கல் இன்ஜினீயரிங், வேலூர் முத்துரங்கம் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டையும் மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஆம்பூர் போய்வாருங்கள். சம்பளம், ஷிப்ட், பாதுகாப்பு என்று அவருக்கு இருக்கும் சந்தேகத்தையெல்லாம் சொந்தத் தங்கையிடமே கேட்கட்டும். அங்கே நீங்களும் பேச வேண்டும் அம்மா.

பயோ-மேத்ஸ் குரூப் என்பதால் பொறியியல் கலந்தாய்வுக்குத் தடை இல்லை. கட்-ஆஃப் 200-க்கு: கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50. விருப்பப் பட்டியலை அவளே போடட்டும், நீங்கள் இருவரும் பக்கத்தில் உட்காருங்கள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான் என்றீர்கள். அப்படியென்றால் 7.5 சதவீத இட ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். பள்ளியில் அதற்கான சான்றிதழை இந்த வாரமே வாங்கி வையுங்கள்.