பெரிய பேட்டரி போட்ட உங்கள் ரேடியோ கட்டுப்பாட்டு ஸ்பிட்ஃபயர் (இரண்டாம் உலகப்போர் பிரிட்டிஷ் போர் விமானம்) மாடல் தரையில் ஓடும்போது இடப்பக்கம் இழுத்து, எழும்பியதும் இடது இறக்கை சாய்ந்து விழுகிறதா?

திராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டும் குச்சி) ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். மெதுவாகக் கூட்டிக்கொண்டே வலது ரட்டர் (பக்கவாட்டில் திருப்பும் வால் தகடு) கொடுங்கள், வால் தானாகத் தூக்கி நல்ல வேகம் பிடிக்கும் வரை எலிவேட்டரை (மூக்கை உயர்த்தும் வால் தகடு) இழுக்கவே வேண்டாம். பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பெல்லர் விமானத்தை இடப்பக்கம்தான் தள்ளும், மெர்லின் எஞ்சின் பூட்டிய நிஜ ஸ்பிட்ஃபயருக்கும் இதே குணம்தான் (எதிர்த்திசையில் சுற்றும் கிரிஃபன் எஞ்சின் வந்ததும் அது வலப்பக்கம் மாறியது).

ஆனால் இறக்கை சாய்வதற்குக் காரணம் வேறு: அந்தப் பெரிய பேட்டரி பின்னால் தள்ளி உட்கார்ந்து எடை மையம் பின்வாங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

சோதிக்க, பேட்டரியோடு விமானத்தைக் கவிழ்த்து, கையேட்டில் சொன்ன இடத்தில் இரண்டு விரல்களால் தாங்குங்கள். தாழ்இறக்கை மாடலை நிமிர்த்திவைத்துப் பார்த்தால் சரியாக நிற்காது. மூக்கு லேசாகத் தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள்.

அப்புறம், தர்மபுரிப் பக்கம் கேழ்வரகு அறுத்த காட்டில் தாள்கட்டை சக்கரத்தைப் பிடித்தாலும் இப்படி இழுக்கும், முதலில் கெட்டித் தரையில் ஓட்டிப் பாருங்கள். ஓசூர்ப் பக்கம் போனால் நிஜ விமானங்களுக்கான பேளகொண்டப்பள்ளி ஓடுதளம் இருக்கிறது, எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.