பழைய லேப்டாப்பும் லினக்ஸும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறேன். 2016-இல் வாங்கிய லேப்டாப் ஒன்று வைத்திருக்கிறேன். ஐ3, 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. யூடியூப் பார்ப்பது, பேங்க் வேலை, மகளோடு வீடியோ கால், அப்புறம் கட்டுரைகள் டைப் செய்வது. வேறு ஒன்றும் செய்வதில்லை. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் என்பதால் பழைய டைப்ரைட்டர் முறையில், வானவில் எழுத்துருவில்தான் அடிப்பேன். பிரிண்டர் கேனன் எல்பிபி 2900. இனிமேல் அப்டேட் வராது என்று திரையில் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கிறது. விண்டோஸ் 11 இதில் ஏறாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் கடைக்காரர். பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகனோ, லினக்ஸ் போட்டுக்கோங்க அத்தை என்கிறான். கம்ப்யூட்டரைப் பற்றி அதிகம் தெரியாத என்னைப் போன்றவர்கள் லினக்ஸுக்கு மாறலாமா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள அம்மா,

லினக்ஸுக்கு, அதாவது விண்டோஸுக்குப் பதிலாக லேப்டாப்பை இயக்கும் இலவச மென்பொருளுக்கு, மாறலாம். ஆனால் இந்த வாரமே மாற வேண்டாம். கடிதத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, வானவில் எழுத்துரு, கேனன் பிரிண்டர் என்று, உங்கள் விஷயத்தில் யோசிக்க வேண்டியவை அந்த இரண்டும்தான். மற்றதெல்லாம் சுலபம்.

கடைக்காரர் சொன்னது ஒரு வகையில் உண்மை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். எட்டாம் தலைமுறையே 2017-இல்தான் வந்தது. 2016-இல் வாங்கிய உங்கள் லேப்டாப் இந்தக் கணக்கில் வராது. சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11-ஐ ஏற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். அப்படிப்பட்ட லேப்டாப்புகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. அதில் பேங்க் வேலை செய்வது சரியல்ல.

ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளை, மென்பொருள் நிறுவனம் வேறு கணக்குப் போட்டுவிட்டது என்பதற்காகத் தூக்கி எறிவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. உங்கள் லேப்டாப்பில் திரை, கீபோர்டு, பிராசசர் எதுவும் பழுதாகவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் ஒருவர் அதற்காக முப்பதாயிரம், நாற்பதாயிரம் செலவழிக்க வேண்டும் என்று சொல்வது நியாயமே இல்லை.

அவகாசமும் இருக்கிறது. வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்களை மட்டும் நீட்டித்துத் தருகிறார்கள். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்குப் பதிவு செய்துகொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் எடுக்க ஒப்புக்கொண்டால் பணம் கட்ட வேண்டியதில்லை. இன்றைக்கே அதைச் செய்துவிடுங்கள். மாறும் வேலையை அவசரமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.

லினக்ஸ் என்றால் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கானது என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. நான் பார்த்தவரை, அதிகம் சிரமப்படுகிறவர்கள் உங்களைப் போன்றவர்கள் அல்ல. டேலியில் கணக்கு எழுதும் கடை முதலாளி, எக்செல் மேக்ரோக்களை நம்பி அலுவலகம் நடத்துகிறவர், போட்டோஷாப்பில் கல்யாண ஆல்பம் செய்கிறவர், இவர்கள்தான் திண்டாடிப்போவார்கள். அவர்களிடம் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். உங்கள் வேலையில் முக்கால்வாசி பிரவுசருக்குள் முடிந்துவிடுகிறது. ஃபயர்ஃபாக்ஸோ குரோமோ லினக்ஸிலும் அப்படியே இருக்கும். பேங்க் தளங்கள், யூடியூப், வருமான வரி தாக்கல் எல்லாம் இப்போது போலவே நடக்கும். மகளோடு பேச ஜூமும் கூகுள் மீட்டும் ஓடும். வாட்ஸப் வீடியோ கால் என்றால் போன்தான் வசதி. வாழ்நாள் சான்றிதழையும் ஜீவன் பிரமாண் செயலி மூலம் போனிலேயே முகம் காட்டி முடித்துவிடலாம், அதற்கும் லேப்டாப்புக்கும் சம்பந்தமில்லை.

இனி வானவில். இதுதான் உங்களுக்குப் பெரிய விஷயம். வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புக்குள் உண்மையில் தமிழ் எழுத்தே இல்லை. ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான் வரிசையாக இருக்கின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவத்தை மாட்டிவிடுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் உங்கள் கட்டுரை ஒன்றும் புரியாத கோர்வையாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் போட்டுவிட்டால் லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச எழுத்து மென்பொருளில் பழைய கட்டுரைகளைத் திறந்து படிக்கலாம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இத்தனை வருஷம் எழுதியதையெல்லாம் யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கம்ப்யூட்டரும் போனும் தமிழாகவே புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டு முறைக்கு, மாற்றிவிடுங்கள். இதற்கு இலவசக் கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. வார்த்தைகளை அங்கே ஒட்டி, மாற்றி, புதுக் கோப்பில் சேமிக்க வேண்டும். ஒற்றுப் பிழைகளும் கிரந்த எழுத்துக் குழப்பங்களும் அங்கங்கே வரும், ஒரு முறை படித்துத் திருத்துங்கள். இந்த வேலையை விண்டோஸ் இருக்கும்போதே செய்வது நல்லது. லினக்ஸுக்கு மாறாவிட்டாலும் செய்யத்தான் வேண்டும். வானவிலில் இருக்கும் கட்டுரையை உங்கள் மகள் போனில் திறந்து படிக்க முடியாது, கூகுளில் தேடினாலும் கிடைக்காது.

கை பழகிய கீபோர்டை விட வேண்டியதில்லை. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியும் எம்17என் என்ற கீபோர்டு முறைகளின் தொகுப்பும் உண்டு. அதில் தமிழ்99, ஃபொனெடிக் ஆகியவற்றோடு பழைய டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது. நீங்கள் அடிக்கிற விசைகள் ஏறக்குறைய அவையேதான், கோப்பில் விழுவது மட்டும் யூனிகோடாக இருக்கும். ஓரிரு குறிகள் இடம் மாறியிருக்கலாம், சில நாளில் பழகிவிடும்.

பிரிண்டர் விஷயத்தில் அவ்வளவு நல்ல செய்தி இல்லை. கேனன் எல்பிபி 2900 நம் ஊர் வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் எங்கு பார்த்தாலும் இருக்கிற உழைப்பாளி. ஆனால் அது கேப்ட் என்ற கேனனுக்கே உரிய மொழியில் பேசுகிறது. லினக்ஸுக்குக் கேனன் கொடுத்த டிரைவர் (பிரிண்டரைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் மென்பொருள்) மிகவும் பழையது, இன்றைய பதிப்புகளில் அதை உட்கார வைப்பது தெரிந்தவர்களுக்கே மெனக்கெடும் வேலை. ஆர்வலர்கள் எழுதிய இன்னொரு டிரைவரும் உண்டு. உங்கள் அண்ணன் மகன் முயன்று பார்க்கட்டும். சரிவராவிட்டால் கட்டுரையை பிடிஎஃப் ஆக்கி ஜெராக்ஸ் கடையில் அடித்துக்கொள்வது உங்களுக்குப் போதுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மாறாக எச்பி பிரிண்டர்கள் பெரும்பாலும் செருகியதும் வேலை செய்துவிடும்.

வேகத்தைப் பற்றி மிகையாக நம்ப வேண்டாம். லினக்ஸ் போட்டால் பழைய லேப்டாப் பறக்கும் என்பார்கள். லேப்டாப் ஆன் ஆவது வேகமாகும், பின்னணியில் ஓடும் சுமை குறையும், உண்மைதான். ஆனால் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் 4 ஜிபி ராம் அங்கேயும் திணறும். 2016 லேப்டாப் என்பதால் அநேகமாக உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கும். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைச் சின்னதாகப் போட்டு, இடமிருந்தால் ராமை 8 ஜிபி ஆக்குங்கள். எந்த மென்பொருள் மாற்றமும் தராத வித்தியாசத்தை அது தரும். கழற்றிய ஹார்டு டிஸ்கை அப்படியே பத்திரமாக வைத்துவிட்டால், உங்கள் பழைய விண்டோஸும் கோப்புகளும் அதில் இருந்தபடியே இருக்கும்.

வைரஸ் தொல்லை லினக்ஸில் குறைவு. மென்பொருள்களைக் கண்ட தளங்களில் தேடி இறக்காமல், அதற்கென்று உள்ள சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்து எடுத்துக்கொள்வது ஒரு காரணம். ஆனால் மின்வாரியத்திலிருந்து பேசுகிறோம், இன்று ராத்திரி கரன்டை கட் செய்துவிடுவோம் என்று வருகிற போனை எந்த லினக்ஸும் தடுக்காது. அவர்கள் இறக்கச் சொல்லும் எனிடெஸ்க், அதாவது தூரத்திலிருந்தே உங்கள் லேப்டாப்பை இயக்க விடும் செயலி, லினக்ஸிலும் ஓடும். தனியாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எதைப் போடுவது? லினக்ஸில் பல வகைகள் உண்டு. உங்களுக்கு லினக்ஸ் மின்ட், அதிலும் பழைய லேப்டாப்புக்குச் சுமை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் வைஃபை, கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கண்ணுக்கு உறுத்தாது. அப்டேட் வந்தால் மூலையில் ஒரு கேடயக் குறி காட்டும், நீங்கள் சரி என்ற பிறகுதான் போடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டியும் பார்க்கலாம். ஒரு 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை எழுதிச் செருகி, லேப்டாப்பை அதிலிருந்து ஆன் செய்தால், ஹார்டு டிஸ்கில் இருப்பதை மாற்றாமல் முழு டெஸ்க்டாப்பும் வந்துவிடும். வைஃபை கிடைக்கிறதா, ஸ்பீக்கரில் சத்தம் வருகிறதா, கேமராவில் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். இன்ஸ்டால் என்று ஒரு ஐகான் திரையிலேயே இருக்கும், அதை மட்டும் அன்று தொடாதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், லினக்ஸ் தெரிந்த ஒருவர் போனில் கிடைப்பார் என்றால்தான் மாறுங்கள் என்பேன். சாதாரணப் பயனாளருக்கு விண்டோஸ் எளிதாகத் தோன்றுவதற்குக் காரணம், பக்கத்துத் தெருவில் அதைச் சரிசெய்ய ஆள் இருப்பதுதான். லினக்ஸுக்கு அந்த ஆள் உங்கள் அண்ணன் மகன். அவர் பொறுப்பெடுக்கத் தயாரா என்று வெளிப்படையாகவே கேட்டுவிடுங்கள். அவரைத் தவிர, காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, தமிழிலேயே பேசுகிறவர்கள். கணியம் என்ற இணைய இதழில் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறார்கள்.

அண்ணன் மகன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு நாள் முழுக்க உங்களோடு உட்காரச் சொல்லுங்கள். இன்ஸ்டால் செய்ய ஒரு மணி நேரம் போதும். டைப்ரைட்டர் கீபோர்டை அமைத்து, அவர் பக்கத்தில் இருக்கும்போதே நீங்கள் ஒரு முழுப் பக்கம் அடித்துப் பாருங்கள். எந்தக் குறி எந்த விசையில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு அவரை அனுப்புங்கள்.