டைமிங் லைட் அடித்தால் புல்லி மார்க் ஆடுகிறது, கோளாறை எங்கே தேடுவது?

நாலு சிலிண்டர் பழைய இன்ஜின், பாயிண்ட் (திறந்து மூடி பிளக்கில் பொறி வரவைக்கும் தொடுமுனை) வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட்டுத் தரும் கருவி). டைமிங் லைட் (1-ம் பிளக்கில் பொறி வரும்போதெல்லாம் மின்னும் விளக்கு) அடித்தால் கிராங்க் புல்லியில் உள்ள மார்க் ஓரிடத்தில் நிற்காமல் துள்ளுகிறது, டிஸ்ட்ரிபியூட்டரை எப்படித் திருப்பி வைத்தாலும் அடங்கவில்லை என்கிறீர்கள். தயவுசெய்து இனி அதைத் திருப்பாதீர்கள். திருப்பினால் மார்க் மொத்தமாக முன்னோ பின்னோ நகருமே தவிர, ஆட்டம் அப்படியேதான் இருக்கும். பெரும்பாலும் ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. அது எது என்பதுதான் கேள்வி.

வேக்கம் அட்வான்ஸ் (இன்ஜின் உறிஞ்சும் வேக்கத்தால் டைமிங்கை முன்னே நகர்த்தும் அமைப்பு) குழாயைக் கழற்றி வாயை அடைத்துவிட்டு ஐடிலில் பாருங்கள். ஐடிலே ஏறி இறங்கினால் மார்க்கும் கூடவே நகரும். அப்படியானால் முதலில் கார்புரேட்டரையும், மேனிஃபோல்ட் கேஸ்கெட் வழியாகக் காற்று இழுக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். லைட்டின் கிளிப் பக்கத்து பிளக் வயரை ஒட்டியிருந்தாலும் பொய்யாகக் காட்டும்.

ஐடில் சீராக இருந்தும் மார்க் ஆடுகிறதென்றால் என் சந்தேகம் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் மேல்தான் போகும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ரோட்டாரையும் (ஷாஃப்ட் நுனியில் சுற்றும் துண்டு) எடுத்துவிட்டு ஷாஃப்ட் நுனியை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் கொஞ்சம் அசைந்தால் பரவாயில்லை. பக்கவாட்டில் கையில் தட்டுப்படும் அளவுக்கு பிளே இருக்கவே கூடாது. பல வண்டிகளில் பாயிண்ட் இடைவெளியே 0.4 மி.மீ. வாக்கில்தான். ஷாஃப்ட் பாயிண்ட் பக்கமாக 0.1 மி.மீ. சாய்ந்தாலே அதில் கால் பங்கு மாறிவிடும். ட்வெல் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணம்) காட்டும் மீட்டர் கிடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்: ஐடிலிலிருந்து 2000 ஆர்பிஎம் வரை ஏற்றும்போது ட்வெல் 3 டிகிரிக்கு மேல் மாறினால் புஷ்ஷோ பாயிண்ட் உட்காரும் பிளேட்டோ தேய்ந்திருக்கிறது. ட்வெல் 1 டிகிரி மாறினால் டைமிங்கும் கிராங்க் கணக்கில் ஏறக்குறைய 1 டிகிரி மாறும்.

இன்னொரு சோதனை பலரும் செய்வதில்லை, ஆனால் அருமையானது. கிளிப்பை 1-ம் சிலிண்டரிலிருந்து 4-க்கு மாற்றுங்கள். 1-3-4-2 என்று பொறி வரும் வரிசையில் இரண்டுக்கும் நடுவே கிராங்க் சரியாக ஒரு சுற்று சுற்றுவதால் மார்க் அதே இடத்தில் தெரிய வேண்டும். இரண்டிலும் ஆடாமல் நின்று, ஆனால் வேறு வேறு இடத்தில் நின்றால், ஷாஃப்ட் வளைந்திருக்கிறது அல்லது பாயிண்டைத் திறக்கும் அதன் கேம் முனை தேய்ந்திருக்கிறது.

ரோட்டாரை மறுபடி மாட்டி, அது சுற்றும் திசையில் கையால் முறுக்கி விடுங்கள். ஸ்பிரிங் சட்டென்று இழுத்துக்கொள்ள வேண்டும். ஐடிலில் நடுங்கிய மார்க் வேகம் ஏறியதும் அடங்கினால், அந்த ஸ்பிரிங், அதாவது வேகம் ஏற ஏற டைமிங்கை முன்னே தள்ளும் வெயிட்களின் ஸ்பிரிங், தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அடுத்து டைமிங் செயினை (கிராங்கிலிருந்து கேம்ஷாஃப்டைச் சுற்றும் செயின்) பாருங்கள். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் நட்டில் ஸ்பானர் போட்டு ஓடும் திசையில் கொஞ்சம் சுற்றுங்கள். பிறகு மெதுவாக எதிர்த்திசையில் திருப்பியபடி ரோட்டாரையே கவனியுங்கள். புல்லி 10 டிகிரி நகர்ந்த பிறகும் ரோட்டார் அசையாமல் நின்றால் செயின் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கியர் தேய்ந்திருக்கிறது. இந்த நிலையில் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் வாங்கிப் போடுவது வீண் செலவு. புஷ் தேய்மானத்தை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். செயின் தளர்வை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

எதை மாற்றினாலும் கடைசியில் பாயிண்ட் இடைவெளியை முதலில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு டைமிங் வையுங்கள். வரிசை மாறினால் இடைவெளியைத் தொட்டதுமே டைமிங் மறுபடி நகர்ந்துவிடும்.