ஹோண்டா சிட்டி வீடெக்கில் ஷார்ட் ஷிஃப்டர் பொருத்தினால் கியர் பாக்ஸ் கெட்டுவிடுமா?

பழைய ஹோண்டா சிட்டி 1.5 வீடெக்கில், கியர் மாற்றக் கை நகரும் தூரத்தைக் குறைக்கும் லிவரான ஷார்ட் ஷிஃப்டரைப் பொருத்த ஆசைப்படுவதாகவும், கியர் பாக்ஸ் கெட்டுவிடுமோ என்று அஞ்சுவதாகவும் கேட்டிருக்கிறீர்கள். அதே காரில் அதே வேலையைக் கோவையில் ஒருமுறை தவறாகவும் மறுமுறை சரியாகவும் செய்தவன் நான். அளவோடு செய்தால் கெடாது. ஆனால் முதலில் மாற்ற வேண்டியது கியர் லிவர் அன்று, அதன் இணைப்புகளில் இருக்கும் புஷ்கள் என்ற சிறு வளையங்கள்.

இந்தக் காரில் லிவருக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையே கேபிள் இல்லை, இரண்டு ராடுகள் இருக்கின்றன. ஒன்று கியரை மாற்றுகிறது. மற்றொன்று லிவர் ஊன்றித் திரும்பும் பந்து மூட்டின் இருக்கையைக் கியர் பாக்ஸோடு பிணைத்து வைத்திருக்கிறது. இவற்றின் ரப்பர், பிளாஸ்டிக் புஷ்கள் 20 ஆண்டு ஓட்டத்தில் தேய்ந்துபோயிருக்கும். கியரில் இருக்கும்போதே லிவர் தொளதொளவென்று ஆடினால், நீங்கள் குறைக்க நினைக்கும் தூரத்தில் ஒரு பங்கு அந்தத் தேய்மானம்தான். என் காரில் புஷ் மாற்றியவுடனேயே பாதி ஆசை தீர்ந்துவிட்டது.

மீதிப் பாதிக்குக் கணக்குப் போட வேண்டும். லிவர் ஒரு நெம்புகோல். பந்து மூட்டுக்கு மேலே 20 செ.மீ., கீழே 5 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் விகிதம் நான்குக்கு ஒன்று. கீழ்க்காலை 6.5 செ.மீ. ஆக்கினால் கைப்பிடி நகரும் தூரம் சுமார் 23 விழுக்காடு குறையும். ஆனால் கை கொடுக்க வேண்டிய விசை 30 விழுக்காடு கூடும். இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. கணபதியில் எனக்கு லிவர் கடைந்து தந்த லேத் பட்டறைப் பெரியவர், "கீழ நீட்ட நீட்டக் கைக்குப் பாரம் ஏறும் கண்ணு, அளவாப் போதும்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். பழைய லிவரில் துண்டு வைத்து வெல்டிங் செய்யவும் அவர் ஒப்பவில்லை. ஒட்டிய இடத்தின் ஓரத்தில் விரிசல் விடும் என்று, இஎன்8 என்ற எஃகுக் கம்பியில் முழு லிவரையும் ஒரே துண்டாகக் கடைந்து தந்தார்.

முதல் முறை நான் பட்ட பாடு வேறு. ராடையும் கியர் பாக்ஸ் தண்டையும் இணைப்பது 8 மி.மீ. ரோல் பின் என்ற சிறு எஃகு ஆணி, அது நழுவாமல் காப்பது அதன் மேல் மாட்டும் ஒரு சிறு கிளிப். பொருத்திய மெக்கானிக் பழைய பின்னையே திரும்ப அடித்து, கிளிப்பை மாட்டாமல் விட்டுவிட்டார். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் எட்டாவதில், இரண்டாம் கியரில் வண்டி நிற்க, லிவர் மட்டும் கையோடு எல்லாப் பக்கமும் சுழன்றது. எனவே புதுப் பின்னும் கிளிப்பும் கையில் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

லிவர் நகரும் தூரம் குறைந்ததும் கை தானாகவே அவசரப்படும். கியர் பாக்ஸுக்குள் இருக்கும் சின்க்ரோவின் பித்தளை வளையம், சேர வேண்டிய கியர், தண்டு இரண்டின் வேகத்தையும் உராய்ந்து சமன் செய்ய எடுக்கும் நேரம் மட்டும் குறைவதில்லை. செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் ஓட்டினாலும் சரி, அவிநாசி சாலையில் ஓட்டினாலும் சரி, கியர் ஏற மறுக்கும் அந்தக் கணத்தில் கையைத் தளர்த்திப் பொறுக்க வேண்டும். இடித்துத் தள்ளினால் அந்த வளையம்தான் தேயும். ஏற்கெனவே இரண்டாம் கியர் கரகரத்தால் ஷார்ட் ஷிஃப்டரைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். எண்ணெயும் மேனுவல் கியர் பாக்ஸுக்கென ஹோண்டா சொல்வதாகவே இருக்கட்டும்.

பொருத்திய பின், வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்குவதற்கு முன்பே, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் உள்ளே அமர்ந்து ஐந்து கியரையும் ரிவர்ஸையும் போட, நீங்கள் டார்ச்சோடு கீழே படுத்துப் பாருங்கள். நீண்ட கீழ்க்கால் சைலன்சர் குழாயின் ஹீட் ஷீல்டைத் தொட்டால் கியர் முழுதாக விழாது, ஓட்டத்தில் நழுவி வெளியே வந்துவிடும். ஒரு விரல் இடைவெளியாவது தெரிய வேண்டும்.