போன் கம்பெனியின் பந்தயக் காரை யார் ரிப்பேர் பார்ப்பது?

ஷெட்டு வாசல்: வாசகர் கேள்விகளுக்குக் கடலூர் செம்மண்டலத்தில் கார் ஷெட்டு நடத்துபவரின் பதில்கள்

அண்ணே, 2016இல் ஆப்பிள் கம்பெனி பிரிட்டனின் பந்தயக் கார் கம்பெனியான மெக்லாரனை வாங்கப்போகிறது என்று ஒரே பேச்சாக இருந்தது. அப்புறம் சத்தமே இல்லை. வாங்கியிருந்தால் ஐபோன் மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்திருக்குமா?
– க.மு., நெல்லித்தோப்பு, புதுச்சேரி

அந்தச் செய்தியைப் போட்டது லண்டன் பைனான்ஷியல் டைம்ஸ், 2016 செப்டம்பரில். மெக்லாரனின் மதிப்பு 100 கோடியிலிருந்து 150 கோடி பவுண்டு வரை இருக்கலாம் என்று எழுதினார்கள். முதலீடு பற்றி ஆப்பிளோடு எந்தப் பேச்சும் நடக்கவில்லை என்று மெக்லாரன் மறுத்துவிட்டது. ஆப்பிள் 2014இல் தொடங்கிய சொந்தக் கார் வேலையும் 2024 பிப்ரவரியில் இழுத்து மூடப்பட்டது. அதில் கிட்டத்தட்ட 2,000 பேர் இருந்தார்கள். வெளியே ஒரு கார்கூட வரவில்லை.

வாங்கியிருந்தால்? ஆப்பிளின் கண் மெக்லாரனின் காரைவிட அதன் கைவேலை மேல்தான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஃபார்முலா ஒன் பந்தயக் காரின் கூட்டை முதன்முதலில் கார்பன் ஃபைபரில் செய்து 1981இல் ஓட்டியவர்கள் அவர்கள். 2008இலிருந்து அந்தப் பந்தயத்தில் ஓடும் எல்லா டீம்களின் காரிலும் இருக்கும், இன்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.யு. பெட்டி மெக்லாரன் வீட்டில் பிறந்ததுதான். பெராரி காரிலும் அதே பெட்டி! அப்படிப் பார்த்தால் மெக்லாரனே பாதி டெக்னாலஜி கம்பெனி.

சரி, கார் வந்திருக்கும் என்றே வைத்துக்கொள்வோம். ஷெட்டுக்காரனுக்கு உடனே வரும் கேள்வி, இதை யார் ரிப்பேர் பார்ப்பது என்பதுதான்.

மெக்லாரன் எஃப் 1 என்று 1990களில் ரோட்டில் ஓட்ட ஒரு கார் செய்தார்கள். டிரைவர் சீட் நட்டநடுவில், இருபுறமும் ஒவ்வொரு ஆள். இன்ஜின் சூட்டைத் தடுக்க உள்ளே தங்கத் தகடு ஒட்டியிருப்பார்கள். மொத்தமே 106 கார்தான். 1998இல் மணிக்கு 386 கிலோமீட்டர் போனது. 2021இல் அதில் ஒன்று அமெரிக்காவில் 2 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. இவ்வளவு பெருமை உள்ள காரைச் சர்வீஸ் செய்ய என்ன வேண்டியிருந்தது தெரியுமா? 1990களின் காம்பேக் லேப்டாப் ஒன்று. காரோடு பேசுவதற்காகத் தனியாகச் செய்த கார்டு அந்தப் பழைய லேப்டாப்பில்தான் வேலை செய்தது. 2016இல்கூட அதை வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மாற்று தயாராகிக்கொண்டிருக்கிறது என்றார்கள். காம்பேக் என்ற கம்பெனியே 2002இல் ஹெச்பியோடு சேர்ந்து போயிற்று. ஆனால் அந்த லேப்டாப்பைத் தூக்கி எறிய மெக்லாரனால் முடியவில்லை. விற்ற காரைக் கைவிட்டால் அடுத்த காரை யார் வாங்குவார்கள்?

இப்போது ஆப்பிளின் வழக்கத்தைப் பாருங்கள். ஒரு பொருளை விற்பதை நிறுத்தி ஐந்து வருஷம் தாண்டினால் அது பழைய சாமான் பட்டியலில் போய்விடும். ஏழு வருஷமானால் பெரும்பாலும் ஸ்பேரும் கிடையாது, சர்வீஸும் கிடையாது. போனுக்கு இது நியாயமோ என்னவோ, அதை நான் சொல்ல வரவில்லை. ஆனால் சூப்பர் கார் வாங்குகிறவன் முப்பதாவது வருஷத்தை எண்ணித்தான் பணத்தைக் கொட்டுகிறான்.

இது கோடீசுவரன் கவலை என்று விட்டுவிடாதீர்கள். போன வருஷம் என் ஷெட்டுக்கு ஒரு சாதாரண ஹாட்ச்பேக் வந்தது. டச் ஸ்கிரீன் செத்துவிட்டது. ஏசியின் சூடு குளிர்ச்சியைக்கூட அந்தத் திரையில்தான் மாற்ற வேண்டும் என்பதால் ஏசியும் அவுட். கம்பெனி சர்வீஸில் கேட்டால் அந்த மாடல் திரை நின்றுபோச்சு, முழு செட்டையும் மாற்றுங்கள் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு நல்ல பழைய பைக் ஒன்று வாங்கலாம். அதே வாரம் ஒரு அம்பாசடரும் வந்தது. ஃப்யூஸ் போயிருந்தது. டீ ஆறுவதற்குள் அனுப்பிவிட்டேன்.

ஆப்பிளால் முடியாததை ஷாவ்மி செய்து காட்டிவிட்டதே? போன் கம்பெனிக்கு ஸ்போர்ட்ஸ் கார் வராது என்று இனி எப்படிச் சொல்வீர்கள்?
– ஒரு பொறியியல் மாணவர், காலாப்பட்டு

வராது என்று நான் சொல்லவே இல்லை, தம்பி. சீனாவின் ஷாவ்மியை நம் ஊரில் ரெட்மி கம்பெனி என்றால்தான் தெரியும். 2021இல் கார் செய்யப்போகிறோம் என்றார்கள், 2024 மார்ச்சில் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த வருஷமே 1,35,000 காருக்கு மேல் கொடுத்தார்கள். 2025 பிப்ரவரியில் வந்த எஸ்யு 7 அல்ட்ரா 1,548 குதிரைத்திறன், விலை 5,29,900 யுவான். அதே சக்திக்கு ஐரோப்பாக்காரன் கேட்கும் விலையில் ஒரு சின்னத் துண்டு. வேலை சுத்தம், அதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்த மே மாதம் நடந்ததைப் படித்தீர்களா? ஒரு சாப்ட்வேர் அப்டேட் வந்தது. அதைப் போட்டால் சக்தி சுமார் 900 குதிரையாகக் குறைந்துவிடும். முழுச் சக்தியும் வேண்டுமென்றால் குறிப்பிட்ட பந்தயத் தடத்தில் ஓட்டி, இன்ன நேரத்துக்குள் சுற்றி முடித்துக் காட்ட வேண்டும். காசு கொடுத்து வாங்கியவனுக்குப் பரீட்சை! வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள், கம்பெனி பின்வாங்கியது. ஊருக்குள் 1,548 குதிரை ஆபத்து என்ற அவர்கள் கவலை நியாயமானதுதான், நானே ஒத்துக்கொள்வேன். அதை விற்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அதே மாதம் 42,000 யுவான் கூடுதலாக வாங்கிக்கொண்டு கொடுத்த கார்பன் பானெட்டிலும் சண்டை வந்தது. அதில் இருந்த காற்றுத் துளைகள் பெரும்பாலும் அழகுக்குத்தான் என்று வாங்கியவர்களே கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்டது.

போன் கம்பெனி விற்ற பிறகும் பொருளைத் தன் கையிலேயே வைத்திருக்கும். அப்டேட் என்ற கயிறு அவர்களிடம்தான் இருக்கிறது. பழைய கார் கம்பெனிகளும் இப்போது அதைத்தான் கற்றுக்கொள்கின்றன, அது வேறு கதை. லம்போர்கினி தெரியும்தானே? 1963இல் கார் கம்பெனி தொடங்கும் முன் பெருச்சியோ லம்போர்கினி டிராக்டர் செய்துகொண்டிருந்தவர். டிராக்டர்காரர் சொகுசுக் கார் செய்தபோது யாரும் இப்படிப் பயப்படவில்லை. விற்ற டிராக்டரின் சாவி வாங்கியவன் இடுப்பில்தான் இருந்தது.

பிஒய் 01 நம்பர் போட்ட கோடி ரூபாய் கார்களைச் சென்னையிலும் கேரளாவிலும் பார்க்கிறேன். பாண்டியில் அவ்வளவு பணக்காரர்களா?
– வாசகி, முத்தியால்பேட்டை

கார் பாண்டிக்கு வந்திருக்காது அம்மா, காகிதம் மட்டும் வந்திருக்கும். அக்கம்பக்கத்து மாநிலங்களைவிட அங்கே சாலை வரி குறைவு. இந்த மாதிரி முகவரிகளைத் தோண்டி 2017இல் கேரள போலீஸ் வழக்கே போட்டது. வெளிநாட்டில் முழுதாகச் செய்து இறக்கும் விலையுயர்ந்த காருக்கு அந்த வருஷம் சுங்கமே காரின் விலையளவு வந்தது. அதைக் கட்டியவர்கள் சாலை வரியில் கணக்குப் பார்ப்பதுதான் எனக்குச் சிரிப்பு.

என் மகன் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறான். இனி எல்லாம் கம்ப்யூட்டர் கார்தான், ஷெட்டுக்கே வேலை இருக்காது என்கிறார்களே?
– ஒரு தாய், பண்ருட்டி

கம்ப்யூட்டர் காருக்கும் ஒயர்தானே ஓடுகிறது. தேவனாம்பட்டினம் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று பட்டு கனெக்டர் பச்சை பூத்துப் போகும். ஸ்கேனர் ஏதோ சென்சார் கோளாறு என்று காட்டும். சென்சார் நன்றாகவே இருக்கும். மல்டிமீட்டர் பிடித்து ஒவ்வொரு ஒயராகப் பார்க்கும் பையனுக்குத்தான் உண்மை தெரியும். எலக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிற ஒயர் என்றால் சுமார் 400 வோல்ட், சிலவற்றில் 800. அதற்கான கையுறை போடாமல், பேட்டரி இணைப்பைத் துண்டிக்காமல் தொடவே கூடாது. இதைக் கல்லூரியில் சொல்லிக்கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் லீவில் என் ஷெட்டுக்கு அனுப்புங்கள். சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. காலை எட்டரைக்கு வந்துவிட வேண்டும்.